மூச்சுக்கு ஏற்ற வாக்கியம்

உலு திராம்
6 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சத்தியபாமா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்கு ஒரு வகையில் தெரியும். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்காகப் போன வருடம் தமிழில் பாதுகாப்புப் பாடங்கள் தயாரித்தார்களே, அவற்றை எழுதியவன் நான். குரல் கொடுத்தவர் நீங்கள். நமக்கு நடுவில் கமலநாதன் இருந்தார். எழுதியவனுக்குக் குரல் யாருடையது என்று சொல்லக்கூடாது, குரலுக்கு எழுதியவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவருடைய நிர்வாக முறை. கடைசியாக அவர் அனுப்பிய ஒலிக்கோப்பின் முகப்பில் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் தவறுதலாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. அனுமதியில்லாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள்.

கேட்க வந்தது இதுதான். உங்களுக்குப் பணம் வந்ததா? வேலையை முடித்துக் கொடுத்தது தீபாவளிக்கு முன்பு. எனக்கு இதுவரை ஒன்றும் வரவில்லை. வாட்சாப்பில் கேட்டால் நீலக்கோடு இரண்டும் விழுகின்றன, பதில் மட்டும் விழுவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று தெரிந்தால் யாரை நொந்துகொள்வது என்றாவது முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
திருச்செல்வம்


பொந்தியான்
12 பிப்ரவரி 2025

திரு. திருச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். நேற்றுத் தைப்பூசம், வீட்டில் ஆட்கள் வந்திருந்தார்கள். தாமதத்துக்கு அதுதான் காரணம்.

எனக்கும் பணம் வரவில்லை. நான் இரண்டு முறைதான் கேட்டேன். மூன்றாவது முறை கேட்கக் கூச்சமாக இருந்தது. நம் பணத்தைக் கேட்க நமக்கே கூச்சம் வருவது எனக்கு விளங்கவில்லை, ஆனால் வருகிறது.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வாக்கியங்களை நான் மாற்றி வாசித்திருக்கிறேன். கன்வேயர் பற்றிய பாடத்தில் “ஓடிக்கொண்டிருக்கும் கன்வேயரின் அடியில் விழுந்த பொருளைக் குனிந்து கையால் எடுக்க முயலும் பணியாளர்” என்று தொடங்கி ஒரு வாக்கியம் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு மூச்சு எட்டவில்லை. “கன்வேயர் ஓடுகிறது. கீழே ஏதோ விழுந்துவிட்டது. குனியாதீர்கள்” என்று வாசித்துவிட்டேன். கமலநாதனிடம் சொன்னேன், அவர் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். கோபம் இருந்தால் எழுதுங்கள்.

நான் உங்களுக்கு எழுதியதைக் கமலநாதனிடம் சொல்லவேண்டாம்.

சத்தியபாமா


உலு திராம்
20 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய சத்தியபாமா,

கோபம் இருந்தது. போன வருடம் அதை உங்கள் குரலில் முதலில் கேட்டபோது ஒரு நாள் முழுக்க இருந்தது. ஒலிக்கோப்பைக் கேட்டுவிட்டு “யார் இந்தம்மா, என் வாக்கியத்தைக் கோழி வெட்டுவது போல் வெட்டியிருக்கிறார்” என்று பக்கத்து வீட்டு லெட்சுமணனிடம் புலம்பினேன். அவர் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுபவர். நான் எழுதியதையும் நீங்கள் வாசித்ததையும் அவரிடம் படித்துக் காட்டினேன். “உங்க லைன கேட்டு முடிக்கிறதுக்குள்ள கை போயிரும் பாஸ்” என்றார்.

அதன் பிறகுதான் மாறினேன். ஐந்தாவது பாடத்திலிருந்து வாக்கியங்கள் சிறுத்துப்போனதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. எழுதி முடித்ததும் உங்கள் குரலை மனதில் போட்டுப் பார்ப்பேன். எங்கே மூச்சு நிற்கும் என்று பார்த்து அங்கே முற்றுப்புள்ளி வைப்பேன். இருபது வருடமாக எழுதுகிறேன். யாருடைய மூச்சுக்கும் அளவெடுத்து எழுதியதில்லை.

நேற்று கமலநாதனின் அலுவலகத்துக்குப் போனேன். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டின் மூன்றாம் மாடி. நான்கு கம்பெனிகளுக்கு ஒரே கதவு. அங்கிருந்த பெண் “மிஸ்டர் கமல் கோலாலம்பூர் போயிருக்காருங்க” என்றாள். உள்ளேயிருந்து அவர் தும்முவது கேட்டது. அந்தத் தும்மலை எனக்கு நன்றாகத் தெரியும், வேலை கொடுக்கும்போது போனில் அடிக்கடி தும்முவார். “கோலாலம்பூர் ரொம்பப் பக்கத்துல வந்துருச்சு போல” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அது பெரிய வீரமாகத் தெரியவில்லை.

திருச்செல்வம்


பொந்தியான்
27 பிப்ரவரி 2025

திரு. திருச்செல்வம்,

கவனித்தேன். எழுதுபவர் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

தும்மலைப் பற்றி வாசித்துச் சிரித்துவிட்டேன். அண்ணா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி “ஆரோட கதைக்கிறாய்?” என்று கேட்டார். ஒருவரோடும் இல்லை என்றேன். அண்ணா கதிரேசு அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு நான் அவர் வீட்டில்தான் இருக்கிறேன். முன்பு பாலர் பள்ளியில் ஆசிரியை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டேன், பிறகு திரும்பிப் போக இடம் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று இருந்தது.

உங்கள் பாடங்கள் எல்லாவற்றையும் அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்தேன். சேலைகளுக்கு நடுவில் எதிரொலி வராது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிவரப் போகும் நேரம்தான் வீடு அமைதியாக இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு வேர்க்க வேர்க்க “தீப்பிடித்தால் பதறாதீர்கள்” என்று சொல்லியிருக்கிறேன்.

கமலநாதனுக்கு மூன்றாவது முறை எழுதிவிட்டேன். தொழிற்சாலை இன்னும் பணம் தரவில்லை, வந்ததும் தருவதாகப் பதில் வந்தது. உங்களுக்கு வராத பதில் எனக்கு ஏன் வந்தது என்று தெரியவில்லை.

நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்? கேட்கக்கூடாதென்றால் பதில் வேண்டாம்.

சத்தியபாமா


உலு திராம்
19 மார்ச் 2025

அன்புள்ள சத்தியபாமா,

தனியாகத்தான். மணமாகிப் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் இப்போது கிள்ளானில் நன்றாக இருக்கிறார். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற மனிதனாக நான் இருந்திருந்தால் ஒருவேளை நிலைத்திருக்கும். “உங்களுக்கு வேலை இருக்கு, பொழப்பு இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் ஒரு சொல்லையும் என்னால் திருத்த முடியவில்லை.

இந்தக் கடிதம் வேறு செய்திக்காக. நேற்று லெட்சுமணன் என்னைத் தன் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார். “வந்து பாருங்க, உங்க சரக்கு எங்க ஓடுதுன்னு” என்றார். தொழிலாளர் விடுதியிலிருந்து பாசிர் கூடாங்குக்குப் போகும் வண்டி. அத்தனை பேரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள். முன்சீட்டில் இருந்த ஒருவன் போனைச் சத்தமாக வைத்தான். நீங்கள் பேச ஆரம்பித்தீர்கள்.

வண்டியே அமைதியாகிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்குத் தேர்வு உண்டாம். “ஸ்டாப் பட்டன் சிவப்பு. அதை அழுத்த யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம்” என்று நீங்கள் சொன்னதும் இரண்டு பேர் கூடவே சொன்னார்கள். நான் எழுதிக் கொடுத்தது ‘அவசர விசைநிறுத்தி’. நல்லவேளை.

போனை வைத்திருந்தவன் பெயர் விஜயன், பரமக்குடிக்காரன். “இந்த அக்கா எங்க இருக்காங்க சார்?” என்று கேட்டான். பொந்தியான் என்றேன். “சூப்பர்வைசர் சொன்னா பயமாத்தான் இருக்கும். இவங்க சொன்னா நம்மள கை காலோட வீட்டுக்கு அனுப்பப் பாக்குறாங்கன்னு தோணும்” என்றான். இறங்கும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர்களெல்லாம் உங்களைத் தினமும் கேட்கிறார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. லெட்சுமணன் ஆபீசில் விசாரித்தார். தொழிற்சாலை டிசம்பரிலேயே முழுப் பணத்தையும் கமலநாதனுக்குக் கொடுத்துவிட்டது. உங்களுக்கு அவர் எழுதியது பொய்.

நான் கோர்ட்டுக்குப் போகப் போகிறேன். நம்முடையதைப் போன்ற சின்னத் தொகைக்கு வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம். இரண்டு பேரும் சேர்ந்து போனால் பலம். வருவீர்களா?

திருச்செல்வம்


பொந்தியான்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள திருச்செல்வம்,

பேருந்தைப் பற்றி நீங்கள் எழுதியதை எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும்போது நான் யாருக்குப் பேசுகிறேன் என்று தெரியாது. சேலைகளுக்குப் பேசுவேன். இனி அந்தப் பரமக்குடிப் பிள்ளைக்குப் பேசலாம்.

கோர்ட் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அண்ணாவிடம் கேட்கவேண்டும். நீங்கள் எனக்காகக் காத்திருக்கவேண்டாம், உங்கள் பெயரில் போடுங்கள். தேவையான நகல்களை அனுப்புகிறேன்.

இன்று இங்கே கடல் பக்கம் நல்ல காற்று. உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பேசி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. எழுத்தை வைத்துப் பார்த்தால் கனத்த குரலாக இருக்கவேண்டும். போன் எண்ணை அனுப்பிவிடாதீர்கள். இங்கே போன் பேச இடம் இல்லை, அலமாரியைத் தவிர.

அடிக்கடி எழுதுங்கள்.

சத்தியபாமா


உலு திராம்
24 ஏப்ரல் 2025

சத்தியபாமா அவர்களுக்கு,

நான் வழக்குப் போட்டுவிட்டேன். நோட்டீஸ் போன மறுநாளே கமலநாதன் போன் செய்தார். இத்தனை மாதம் எடுக்காத போன். “என்ன பாஸ், கோர்ட்டு கீர்ட்டுன்னு, நம்ம ஆளுங்களுக்குள்ளயே இப்படியா? கொஞ்சம் பொறுங்கலா” என்றார். எங்கள் இருவர் பணத்தையும் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “அந்தம்மாவுக்கு மார்ச்லயே குடுத்தாச்சே. உங்ககிட்ட சொல்லலயா?” என்றார்.

சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லவேண்டியதாயிற்று.

உங்கள் பணம், உங்கள் உரிமை. கேள்வி கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் என்னைக் கடிதம் எழுதவிட்டு நீங்கள் வேடிக்கை பார்த்திருக்கவேண்டாம்.

திருச்செல்வம்


பொந்தியான்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள திருச்செல்வம்,

உண்மைதான். மார்ச் கடைசியில் கமலநாதன் கூப்பிட்டார். தொழிற்சாலை இரண்டு பாடங்களை மாற்றச் சொல்லியிருக்கிறது, அதே குரல்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. பழைய பணம் வராமல் வாய் திறக்கமாட்டேன் என்றேன். அப்படிப் பேச எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. உங்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று சொன்னேன். “அடுத்த வாரமே குடுத்துர்றேன், நீங்க சொல்லிக்காதீங்க, அவருக்கு நானே சொல்றேன்” என்றார். அன்று மாலையே எனக்குப் பணம் வந்தது.

அடுத்த வாரம் ஆனது. உங்களுக்கு வரவில்லை என்று உங்கள் கடிதம் இல்லாததிலிருந்தே தெரிந்தது. வந்திருந்தால் முதலில் எனக்குத்தான் எழுதியிருப்பீர்கள். அப்போதே நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்ல மூன்று முறை உட்கார்ந்தேன்.

கமலநாதனுக்குப் பயந்து மறைக்கவில்லை. வேடிக்கையும் பார்க்கவில்லை. நமக்குள் இருப்பது அந்த ஒரு பாக்கிதான். அது என் பக்கம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பிறகு எதைச் சொல்லி உங்களுக்கு எழுதுவேன்? ஒரு பெண் முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு வேறு எந்தக் காரணத்துக்காக எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை. பணம் வந்த அன்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை. உங்களிடமிருந்து கடிதம் நின்றுவிடும் என்றுதான் தோன்றியது.

இதை எழுதிவிட்டேன். அழிப்பதற்குள் அனுப்புகிறேன்.

சத்தியபாமா


பொந்தியான்
16 மே 2025

அன்புள்ள திருச்செல்வம்,

நீங்கள் பதில் எழுதவில்லை. கமலநாதனிடம் நாம் பட்டதை இப்போது உங்களிடம் நான் படுகிறேன் என்று எழுத நினைத்தேன். அது நியாயமில்லை. அவர் தரவேண்டியதைத் தரவில்லை. நீங்கள் எனக்கு எதுவும் தரவேண்டியதில்லை.

அண்ணாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பணத்தைப் பற்றி மட்டும் சொல்ல ஆரம்பித்தேன், முழுவதும் வந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு “உனக்குக் குடுத்திருக்கிறான் எண்டால் வேலை சரி எண்டு அவன் ஒத்துக்கொண்டதுதானே. அதைக் கோர்ட்டில சொல்ல ஆள் வேண்டாமோ?” என்றார்.

வழக்கு ஜூன் மூன்றாம் தேதி என்று நீதிமன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன். எழுதாவிட்டாலும் வருவேன்.

சத்தியபாமா


உலு திராம்
8 ஜூன் 2025

அன்புள்ள சத்தியபாமா,

பதில் எழுதாத அத்தனை நாளும் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். கோபத்தில் ஒன்று எழுதினேன். கோபம் தீர்ந்த பிறகு ஒன்று எழுதினேன், அது அதைவிட மோசமாக இருந்தது. இவ்வளவு நேரடியாக ஒருவர் எனக்கு எதையும் எழுதியதில்லை. அதற்கு என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் முழித்தேன் என்பதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலையில் நீதிமன்ற வராந்தாவில் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் யாரோ மலாயில் “இந்த அறைதானா?” என்று கேட்டார்கள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நீங்கள் மலாய் பேசி நான் கேட்டதே இல்லை அல்லவா? தமிழில் இருக்கிற நிதானம் அதில் இல்லை, கொஞ்சம் அதட்டலாக இருந்தது. அண்ணாவிடம் திரும்பி “இதுதான், இருங்கோ” என்றீர்கள். அப்போது எழுந்தவனுக்குப் பிறகு உட்காரலாம் என்று தோன்றவே இல்லை.

நீதிபதி கேட்டதற்கெல்லாம் நீங்கள் சொன்ன பதிலைக் கமலநாதன் தலையைக் குனிந்து கேட்டார். பாடங்களில் குறை இருந்தது, அதனால்தான் பணம் தரவில்லை என்று அவர் சொல்லவந்திருந்தார். “குறை இருந்தால் எனக்கு மட்டும் ஏன் கொடுத்தீர்கள்? அவர் எழுதியதைத்தான் நான் வாசித்தேன்” என்றீர்கள். கமலநாதன் அதோடு இறங்கிவந்தார். மூன்று தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து என்னிடம் “சாரி பாஸ், எனக்கும் நாலு பேர் தரணும்” என்றார். அதை நான் நம்பினேன். முதல் தவணை வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

உங்கள் அண்ணா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு “நீங்கள்தானோ அந்த எழுத்து?” என்றார். பிறகு கார் தூரத்தில் நிற்கிறது, எடுத்துவர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனார். கார் எதிரே இருந்த மரத்தடியில்தான் நின்றது, பிறகு அவர் அதை எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அதைத் தாண்டி நடந்து போனார்.

அந்த நேரத்தை நான் என்ன செய்தேன்? “சாப்பிட்டீங்களா?” என்றேன். “ம்” என்றீர்கள். “மழை வரும் போல” என்றேன். வானத்தில் மேகமே இல்லை. நீங்கள் “உங்கட குரல் கனம் இல்லை” என்றீர்கள். ஏமாற்றமா என்று கேட்க வாய் எடுத்தேன், கார் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு சொல்லவேண்டியது அத்தனையும் வரிசையாக வந்தது. நீங்கள் நான் நினைத்ததைவிட உயரம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடியும் துடைத்தீர்கள். நானோ கோப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். இதையெல்லாம் சொல்ல எனக்கு எழுத்துதான் வாகாக இருக்கிறது. ஆனால் எழுத்து மட்டும் போதாது என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து தெரிகிறது. இங்கே அறையில் வேலை ஓடவில்லை. ஒரு வாக்கியம் எழுதுகிறேன், நிறுத்துகிறேன், அதைச் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லை.

பணத்தைப் பற்றி நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம் இது. இனி எழுதினால் காரணம் இல்லாமல்தான் எழுதுவேன்.

பொந்தியானுக்கு வரலாமா? அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. உங்களைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான். என்றைக்கு என்று நீங்கள் சொல்லுங்கள்.

திருச்செல்வம்


பொந்தியான்
10 ஜூன் 2025

அன்புள்ள திருச்செல்வம்,

ஏமாற்றம் இல்லை. கனமான குரலாக இருந்திருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

வருவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் நேரில் அதிகம் பேசமாட்டேன். பேருந்தில் நீங்கள் கேட்டது திருத்திச் சுத்தம் செய்த குரல், ஒவ்வொரு வாக்கியமும் நாலைந்து தடவை வாசித்தது. வீட்டில் நான் பாதியில் நிறுத்திவிடுவேன், மறந்துவிடுவேன், அண்ணாவின் பிள்ளைகளிடம் சத்தம் போடுவேன். வயது நாற்பத்தாறு. இந்த வயதில் ஒருவர் தன்னைப் பார்க்க வருகிறார் என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. அண்ணியிடம் “எழுதுகிற ஆள் வருகிறார்” என்றேன். அவர் சிரிக்காமல் “சரி” என்றார், பிறகு அடுப்படிக்குப் போய்ச் சிரித்தார்.

போன செவ்வாய்க்கிழமை காரில் திரும்பி வரும்போது அண்ணா வண்டி ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தார். பாதி வழியில் “நல்ல மனுசன் மாதிரித்தான் இருக்கு” என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை.

அடுத்த மாதம் அண்ணியின் வீட்டு விசேஷம் எல்லாம் முடிந்த பிறகு, அவசரமில்லாமல் ஆறுதலாக ஒரு நாள் பார்த்து வாருங்கள் என்றுதான் முதலில் எழுதினேன். அது எப்போதும் நான் தள்ளிப்போடுகிற மாதிரிதான் இருந்தது. அழித்துவிட்டேன்.

இந்த ஞாயிறு வாருங்கள்.

சத்தியபாமா